நிலாவெளியில் சுழியோடிய அன்றே மலையேறக் கூடாது: புறாத்தீவு போகும் மலையகத்தாருக்கான விதிகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கமிருந்து வெள்ளி இரவு வேன் பிடித்துப் புறப்பட்டு, ஞாயிறு காலை நிலாவெளிக் கடலில் இறங்கி, அன்றிரவே வீடு திரும்புகிறவர்கள் பலர். கரையில் குளித்தவர்களுக்கும் ஸ்நோர்க்கல் மாட்டி நீர்மட்டத்தில் மிதந்தவர்களுக்கும் இதில் சிக்கல் இல்லை. சிலிண்டர் கட்டி ஸ்கூபா சுழியோடியவருக்கு இது ஆபத்து.

ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் வழமையைவிட அதிகமாக இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. கரையில் தங்கினால் மூச்சோடு மெல்ல வெளியேறிவிடும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்கு ஏறினால், மூடி திறந்த சோடாவைப் போல உடம்புக்குள் குமிழி கட்டும். விமானம் ஏறுவதற்கு முன் காத்திருக்கச் சொல்லும் கணக்கையே மலைப்பாதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே தடவை சுழியோடியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலம், பல தடவை, பல நாட்கள் என்றால் 18. சுமார் 610 மீற்றருக்கு மேலே போகும்போது இது பொருந்தும். நுவரெலியாவோ 1,868 மீற்றர்.

ஆகவே பயணத் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். சனி காலை சுழியோடல், ஞாயிறு முழுக்கக் கடற்கரை. திரும்பும் வழியில் மூட்டுவலி, விறைப்பு, தலைச்சுற்று வந்தால் வேன் அலுப்பென்று விட்டுவிடாதீர்கள். மேலும் உயரம் ஏறாமல் வண்டியை நிறுத்தி, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழத்தில் சுழியோடினீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றரில் இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் இல்லாமல் இறங்க முடியாது. படகுக் கூலி அதற்கு வேறு. உள்நாட்டவர் கட்டணம் வெளிநாட்டவர் கட்டணத்தைவிடக் குறைவு என்பதால் அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

தீவைச் சுற்றியுள்ள முருகைக்கல் (பவளப்பாறை) உயிருள்ளது. செத்துக் கரையொதுங்கிய துண்டாக இருந்தாலும், சிப்பியாக இருந்தாலும் பூங்காவிலிருந்து எடுத்துவர அனுமதியில்லை. பூங்காவுக்கு வெளியேயும், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி கரையோர வலயத்தில் முருகைக்கல் தோண்டுவதும் அகற்றுவதும் குற்றம். அந்த வலயம் கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர், கடலுக்குள் 2 கிலோமீற்றர்.

அதிகம் உடைவது களவால் அல்ல, கால் பட்டுத்தான். நீச்சல் தெரியாதவர் பயந்ததும் காலூன்றுவார். அவருக்கடியில் இருப்பது ஆண்டுக்கு ஓரிரு சென்ரிமீற்றர்கூட வளராத முருகைக்கல்லாக இருக்கலாம். அதனால் உயிர்காப்பு அங்கி போட்டே இறங்குங்கள். வெயிலுக்குக் கிறீம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை மேல்; கிறீம் கரைந்து முருகைக்கல்மீது படியும். கடலாமையைக் கண்டால் தொடாமல் தள்ளி நில்லுங்கள், அதுவும் சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர்.

நிலாவெளிக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதி. தைப்பொங்கல் லீவில் அங்கே போனால் வடகீழ்ப் பருவக்காற்றில் அலை உயர்ந்து, நீரும் கலங்கியிருக்கும். அந்த நாட்களுக்கு ஹிக்கடுவை சரிவரும். அதுவும் தேசிய பூங்காவே. முருகைக்கல்லுக்கு அங்கும் இதே விதிதான்.