‘சப்போஸ்ட் டு’: வர வேண்டியதும் வரக் கூடாததும்

கொருக்குப்பேட்டை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘தி டிரெயின் சப்போஸ் டு கம் அட் எய்ட் டென்.’ இதில் இரண்டு பிழைகள். ‘தி டிரெயின் வாஸ் சப்போஸ்ட் டு கம்’ என்பதே சரி. ‘வண்டி வர வேண்டியது’ என்று நாம் துணைவினை இல்லாமலே முடித்துவிடுவதால் ‘வாஸ்’ விடுபடுகிறது. ‘சப்போஸ்ட்’ என்பதன் கடைசி ‘டி’ அடுத்து வரும் ‘டு’வில் கரைந்துவிடுவதால் காதில் விழுவதில்லை, எழுத்தில் அது கட்டாயம் வேண்டும். ‘டு’வுக்குப் பின் ‘கம்’ மட்டுமே வரும்; ‘கேம்’, ‘கமிங்’ வராது.

‘சப்போஸ்’ லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘சப்’ என்றால் கீழே, ‘போனெரே’ என்றால் வைத்தல். அடியில் வைப்பது, அடிப்படையாகக் கொள்வதாகி, பிறகு கருதுவதாயிற்று. ‘மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம்’ என்கிறோமே, அங்கும் அதே ‘வை’! இரு மொழிகளும் தனித்தனியே இந்த வினைக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்குத் தீராத வியப்பு. ‘சப்போஸ் மழை பெய்தால்’ என்று பேச்சில் சொல்வதும் இந்தப் பொருளில்தான். அங்கே ‘ஒருவேளை’ போதும்.

தமிழில் எழுதும்போது ‘வண்டி 8.10க்கு வந்திருக்க வேண்டும்’ என்பதைத் தவிர்க்கலாம். ‘இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும்’ என்ற ஊகமாகவும் அதைப் படிக்க முடியும். ‘வர வேண்டியது’, ‘வருவதாக இருந்தது’ என்றால் நடக்கவில்லை என்ற குறையும் சேர்ந்தே ஒலிக்கும்.

எதிர்மறையில்தான் மொழிபெயர்ப்புகள் அதிகம் சறுக்குகின்றன. ‘நாட் சப்போஸ்ட் டு’ என்பதில் ‘நாட்’ முன்னால் நின்றாலும் அது மறுப்பது பின்னால் வரும் செயலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது காசிமேட்டு விசைப்படகுகள் ‘கடலுக்குப் போகும் என்று எதிர்பார்க்கப்படவில்லை’ என்று எழுதினால் தடை மறைந்து வெறும் கணிப்பு மிஞ்சுகிறது. ‘போகக் கூடாது’ என்று எழுத வேண்டும்.

பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லவும் ‘சப்போஸ்ட் டு’ வரும். அதைத் தமிழாக்கும்போது, ‘இந்தக் கடையில் வஞ்சிரம் நன்றாக இருக்குமாம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ ஒன்றே போதும். ‘கருதப்படுகிறது’ அங்கே தேவையில்லை.