பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் போடும் முன்

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன. "தம்பி, புது சிஸ்டம் வாங்கியாச்சு. பழைய சாஃப்ட்வேரை மட்டும் ஏத்திக் கொடுத்துரு. அஞ்சு நிமிஷ வேலைதான்." பழைய சிஸ்டம் எங்கே என்று கேட்பேன். "அது எக்ஸ்சேஞ்சுல போயாச்சே" என்பார்கள். அதற்கு மேல் அந்தப் போனில் நல்ல சேதி எதையும் என்னால் சொல்ல முடிவதில்லை.

கடைசியாக வந்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகம். பல வருஷமாகப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் வடிவமைத்த பத்திரிகைகள், கோயில் நோட்டீஸ்கள், பள்ளி ஆண்டு மலர்கள் எல்லாம் டி டிரைவில் இருந்தன. கடைப் பையன் டி டிரைவை அப்படியே புது சிஸ்டத்துக்குக் காப்பி செய்து கொடுத்திருக்கிறான். ஒரு ஃபைல்கூட விடுபடவில்லை. கையோடு பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட்டும் அடித்துவிட்டார்கள். அச்சகத்துக்கு வந்து ஒரு பத்திரிகையைத் திறந்தால், மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக நிற்கிறது. "வைரஸ் புகுந்திருச்சா தம்பி?" என்று கேட்டார் அந்த அண்ணாச்சி.

வைரஸ் இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்களின் இயல்பே அதுதான். பாமினி என்ற ஃபான்ட்டில் 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அதைத் தமிழாகக் காட்டுவது ஃபான்ட்டின் வேலை. அந்த ஃபான்ட் இருந்தது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். டி டிரைவை மட்டும் எடுத்தவர் கைக்கு அது வராது. இந்த ஃபான்ட்களில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறியாக்கம், அதாவது எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற கணக்கு. பாமினி ஒரு மாதிரி, டாம், டாப் வேறு மாதிரி, அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில் அவ்வையார் இன்னொரு மாதிரி. தமிழக அரசு 1999இல் டாம், டாப் இரண்டையும் தரமாக ஏற்றது. 2010இல் யூனிகோடுக்கும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்துக்கும் மாறியது. அச்சகங்களிலும் பத்திரம் டைப் அடிக்கும் கடைகளிலும் பலர் மாறவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதில் யூனிகோட் தமிழ் எடுபடாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஃபைலைத் திறக்கும்போது, எந்தெந்த ஃபான்ட் இல்லை, பதிலுக்கு எதைப் போடப் போகிறது என்று பேஜ்மேக்கர் ஒரு பட்டியல் காட்டும். மாற்றம் தற்காலிகமா நிரந்தரமா என்றும் கேட்கும். படிக்காமல் ஓகே தட்டாதீர்கள். நிரந்தரம் என்று கொடுத்து சேவ் செய்துவிட்டால் பழைய ஃபான்ட்டின் பெயரே ஃபைலிலிருந்து போய்விடும். அந்த அச்சகத்தில் கை வைக்காத ஃபைல்களில் பெயர் இருந்ததால் ஃபான்ட்டைத் தேடிப்பிடித்து மீட்க முடிந்தது. பதற்றத்தில் திறந்து திறந்து சேவ் செய்தவற்றை, எந்தக் குறியாக்கம் என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

பேஜ்மேக்கருக்குப் பதிலாக "புது இன்டிசைன் போட்டுக்கலாமே" என்பவர்களுக்கு: பேஜ்மேக்கர் ஃபைலை நேரடியாகத் திறப்பது இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு வரைதான். 2013இல் வந்த சிசி பதிப்பிலிருந்து அந்த வசதி கிடையாது. பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 ஃபான்ட்களுக்கான ஆதரவையும் அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. சிஎஸ்6 இருக்கும் பழைய சிஸ்டம் யாரிடமாவது இருந்தால் அதுதான் உங்களுக்குப் பாலம். அதை விற்காதீர்கள்.

இப்போது என்னை மிகவும் அலுக்க வைக்கும் பேச்சுக்கு வருகிறேன். "புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துத்தானே காப்பி பண்ணினோம், சாஃப்ட்வேர் அதுக்குள்ளதானே இருக்கு?" இல்லை. ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும்போது அது தன் ஃபோல்டரில் வைப்பது ஒரு பங்குதான். அதற்குத் துணையான சில டிஎல்எல் ஃபைல்கள் விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டருக்குள் போகும். நான் யார், எங்கே இருக்கிறேன், என் ஃபைல்களைத் திறக்க யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கும். டேட்டாபேஸ் இன்ஜின் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். கருவிகளை இயக்கும் டிரைவர் தனியாக ஏறியிருக்கும். லைசென்ஸோ அந்த ஹார்ட் டிஸ்க்கின் எண்ணையோ மதர்போர்டையோ பார்த்துப் பூட்டப்பட்டிருக்கும். ஃபோல்டரைக் காப்பி செய்தால் இவற்றில் ஒன்றும் கூட வராது. வீடு மாறும்போது சாமான்களை லாரியில் ஏற்றலாம். கரண்ட் கனெக்‌ஷனை ஏற்ற முடியாது, புது வீட்டில் புதிதாகத்தான் வாங்க வேண்டும். டெஸ்க்டாப் ஐகானை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அது சாஃப்ட்வேர் இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் குறிப்பு. அதன் அளவைப் பாருங்கள், ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் அது உண்மை. ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில்லிங் புரோகிராமை ஃபோல்டரோடு ஃபிளாப்பியில் எடுத்துப்போய் இன்னொரு சிஸ்டத்தில் போட்டால் ஓடியது. அந்தப் பழக்கம் மனதில் நின்றுவிட்டது. ஆனால் இன்றைய புது சிஸ்டத்தில் ஓடவே ஓடாத ரகமும் அந்த டாஸ் புரோகிராம்கள்தான்.

காரணம் வேகம் இல்லை. "ஐ7 போட்டிருக்கேன், 16 ஜிபி ரேம் இருக்கு, பழசு ஓடாதா?" என்று என்னிடம் கோபப்படுகிறார்கள். டாஸ் புரோகிராம்கள் போன்ற 16 பிட் புரோகிராம்களை ஓட்டும் பகுதி 64 பிட் விண்டோஸில் எந்தப் பதிப்பிலும் கிடையாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு தனியாகக் கிடைத்தது. பல மருந்துக் கடைகளிலும் அரிசி மண்டிகளிலும் பழைய பில்லிங் இத்தனை நாள் ஓடியது அதன் புண்ணியத்தில். விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும். ரைட் கிளிக் செய்து கம்பேட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுப்பதால் இல்லாத பகுதி முளைத்துவிடாது. அது உதவுவது வேறு இடத்தில்: புரோகிராம் 32 பிட்டாக இருந்து, விண்டோஸின் பதிப்பு எண்ணைப் பார்த்து மட்டும் முரண்டு பிடிக்கும்போது. புரோகிராம் 32 பிட், அதன் செட்அப் மட்டும் 16 பிட் என்ற ரகமும் உண்டு. அதைப் பெரும்பாலும் இன்ஸ்டால் செய்யும் கட்டத்திலேயே நின்றுவிடுவீர்கள். மேக் வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து 32 பிட் புரோகிராம்கள் அதில் ஓடுவதில்லை.

டாஸ் பில்லிங்குக்கு வழி இருக்கிறது. டாஸைப் போலவே நடிக்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு. அவற்றில் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. கடைக்கு விடாஸ் பொருத்தம்; பிரிண்டிங்கை அது கவனித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சிஸ்டத்துக்குள் இன்னொரு சிஸ்டத்தை உருவாக்கும் வெர்ச்சுவல்பாக்ஸுக்குள் பழைய விண்டோஸைப் போட்டு அதில் ஓட்டலாம், அதற்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்காமல். எதுவானாலும் டாட் மேட்ரிக்ஸில் ஒரு பில் அடித்துப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று நம்புங்கள். திரையில் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது டாங்கிள், சாஃப்ட்வேரைத் திறக்க சிஸ்டத்தில் சொருகும் சாவி போன்ற கருவி, நம் ஆட்கள் 'லாக்' என்று சொல்வது. சில தமிழ் ஃபான்ட் தொகுப்புகள், எம்பிராய்டரி சாஃப்ட்வேர்கள் இது இல்லாமல் திறக்காது. பழையது 25 பின் பேரலல் போர்ட்டில் சொருகுவது. புது சிஸ்டத்தில் அந்த போர்ட் இருக்காது. கடையில் விற்கும் யூஎஸ்பி-பேரலல் கேபிள் பிரிண்டருக்காகச் செய்தது, லாக்குக்குப் பெரும்பாலும் உதவாது, வாங்கி ஏமாறாதீர்கள். யூஎஸ்பி லாக்காக இருந்தாலும் 64 பிட் டிரைவர் வேண்டும். பழைய டிரைவரை விண்டோஸ் 11இன் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி தடுக்கலாம். அதை அணைத்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. நெட்பேங்கிங்கும் ஜிஎஸ்டியும் பார்க்கும் சிஸ்டத்தில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எடைமேடை, ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவர்கள் 9 பின் சீரியல் போர்ட்டைக் கவனியுங்கள். அதற்கு யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் பழைய சிஸ்டத்தில் போர்ட் எண் காம் 1 என்று இருந்தால் இதிலும் காம் 1 என்றே வைக்க வேண்டும். பாதிப் பேர் இந்த ஒரு எண்ணில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, வாங்கப் போகிறவர்கள் என்ன செய்வது? முதலில், புது சிஸ்டத்தில் உங்கள் முழு வேலையையும் ஒரு முறை செய்து முடியுங்கள். பத்திரிகை அடிப்பவர் பழைய ஃபைலைத் திறந்து, திருத்தி, பிளேட்டுக்குப் போகும் பிடிஎஃப் வரை எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் பில் போட்டு, மாதக் கணக்கு வரை எடுங்கள். அதுவரை பழைய சிஸ்டம் வாசல் தாண்டக் கூடாது. எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் தள்ளுபடி, இருபது வருஷ வேலையைத் திரும்ப டைப் அடிக்கும் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. சி டிரைவின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகத் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். முக்கியமான பேஜ்மேக்கர் ஃபைல்கள் ஒவ்வொன்றுக்கும், ஃபான்ட் இருக்கும்போதே, ஃபான்ட்டை உள்ளடக்கி ஒரு பிடிஎஃப் எடுங்கள். திருத்த முடியாவிட்டாலும் என்ன எழுதியிருந்தது என்பதாவது மிஞ்சும். ஆன்லைனில் லைசென்ஸ் பெற்ற சாஃப்ட்வேர் என்றால் பழைய சிஸ்டத்தில் டிஆக்டிவேட் செய்த பிறகே ஃபார்மட். முடிந்தால் டிஸ்க்2விஎச்டி என்ற சாஃப்ட்வேர் கொண்டு பழைய டிஸ்க்கையே முழுப் பிரதி எடுத்து வையுங்கள். இன்ஸ்டால் சிடிக்களைத் தூக்கி எறியாதீர்கள். புது சிஸ்டத்தில் சிடி டிரைவ் இல்லை என்றால் யூஎஸ்பியில் வெளியே சொருகுவது கிடைக்கிறது.

சிடி தொலைந்துபோனவர்கள் லைசென்ஸ் பூட்டை உடைத்த கிராக் பதிப்பைத் தேடிப் போகிறார்கள். வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஒரு பழைய சாஃப்ட்வேருக்காக இறக்கிய ஃபைல், மொத்தக் கணக்கு வழக்கையும் பூட்டிப் பணம் கேட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய சிஸ்டத்தை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இணைத்தே ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் 10க்கு வீட்டு உபயோகத்தில் 2026 அக்டோபர் வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அது செத்துவிட்டால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும், பில்லெல்லாம் அந்தத் தேதியில் பதிவாகும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே கடைக்குப் போன் போடுங்கள். சிஸ்டம் இன்னும் அங்கே இருந்தால், ஃபார்மட் அடித்திருந்தாலும், ஆன் செய்யாமல் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்து, மேலே எதுவும் எழுதாமல் இருந்தால் ஃபான்ட் ஃபோல்டரை மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. அந்த சிஸ்டத்தில் விண்டோஸை மறுபடி போட்டு அடுத்தவருக்கு விற்கும் முன் அந்தப் போன் போக வேண்டும்.