மின்வழங்கி: பெட்டிக்கு 'மின்சாரம்' என்று பெயர் வைத்தது யார்?

பழைய கணினியில் புது கிராபிக்ஸ் கார்டு போடலாமா என்று தேடிப் பாருங்கள், "முதலில் உங்கள் மின்சாரத்தை மேம்படுத்துங்கள்" என்கிற மாதிரி தமிழில் அறிவுரை வந்து விழும். மின்சாரத்தை எப்படி ஐயா மேம்படுத்துவது? மின்வாரியத்துக்கு மனுப் போட வேண்டுமா?

அவர்கள் சொல்ல வந்தது பவர் சப்ளை. கடைக்காரர் இதை எஸ்எம்பிஎஸ் என்பார், விரித்தால் ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக உள்ளே கொடுக்கிற பெட்டி. உள்ளே டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுவதால்தான் பெயரில் 'ஸ்விட்ச்' வந்தது.

இதற்கு மின்வழங்கி என்பதே சரி என்பது என் கட்சி. 'மின் விநியோகம்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், விநியோகம் ஒரு செயல், அது தெருவில் நடக்கிறது, நான்கு திருகாணி போட்டுப் பெட்டிக்குள் மாட்ட முடியாது. 'மின்மாற்றி' என்போர் கொஞ்சம் யோசித்தவர்கள், ஒரு வகை மின்சாரத்தை இன்னொன்றாக மாற்றுகிறதே என்பார்கள். ஆனால் அந்தச் சொல் தெருமுனையில் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று, அதுவும் இந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டி மின்மாற்றி தனி உறுப்பாக இருக்கும்போது முழுப் பெட்டிக்கும் அதே பெயரை வைத்தால் பழுது பார்ப்பவர் என்ன செய்வார்? சர்வருக்கு ஏற்கெனவே 'வழங்கி' என்று பெயர் இருக்கிறதே, குழப்பாதா என்று ஒரு கேள்வி வரும். நியாயம்தான். ஆனால் முன்னால் 'மின்' நிற்கிறது, சர்வருக்குச் சேவையகம் என்று இன்னொரு சொல்லும் கைவசம் உண்டு.

இதைவிட மோசம் 'திறன்'. பாடப்புத்தகத்தில் திறன் என்றால் வாட்டில் அளக்கிற பவர். எஃபிஷியன்சியையும், அதாவது சுவரிலிருந்து இழுப்பதில் எத்தனை சதவீதம் உள்ளே போய்ச் சேர்கிறது என்பதையும், மொழிபெயர்ப்பாளர்கள் திறன் என்றே எழுதிவிடுகிறார்கள். '500 வாட், 80 சதவீதத் திறன்' என்று படிக்கிறவர் 400 வாட்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, தேவையில்லாமல் பெரியதாக வாங்கி வருகிறார். உண்மையில் அந்த 500 உள்ளே கொடுக்கிற அளவு, அதற்குச் சுவரிலிருந்து 625 வாட் இழுக்கும், மிச்சம் சூடாகப் போகும். பயனுறுதிறன் என்று நல்ல சொல் இருக்கும்போது நான்கு எழுத்து மிச்சம் பிடித்து என்ன சாதித்தார்கள்?

பழைய பெட்டியை வைத்திருப்பவர் மொத்த வாட்டை நம்பவே கூடாது. 2003க்கு முந்தைய ஏடிஎக்ஸ் (மேசைக் கணினிகளுக்கான பொது அளவுமுறை) வடிவமைப்புகளில் 5, 3.3 வோல்ட் தடங்களுக்கே வாட்டில் பெரும்பங்கு, இப்போதைய சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஒட்டியிருக்கும் சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று மட்டும் போட்டிருந்தால், பெட்டி மேல் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் அந்த 12 வோல்ட்டில் கைக்கு வருவது 12 × 18 = 216 வாட்தான். ஆறு முனை இணைப்பு கேட்கிற கார்டு அந்த இணைப்பு வழியாக 75 வாட்டும் போர்டின் ஸ்லாட்டிலிருந்து 12 வோல்ட்டில் இன்னொரு 66ம் எடுக்கலாம், மீதி 75ல் சிபியு முதல் மற்ற எல்லாம் ஓட வேண்டும்.

அப்புறம் மாடுலர். இதை 'மட்டு' ஆக்கி, செமி மாடுலரை 'அரை மட்டு மின்சாரம்' என்று விற்கிறார்கள். வோல்டேஜ் பாதியாகக் குறைந்து வரும் போலிருக்கிறது என்று யாராவது நினைத்தால் அவர் மேல் தப்பில்லை. கேபிளைக் கழற்றி மாட்டலாம், செமியில் சில கேபிள்களை மட்டும், அவ்வளவுதான் விஷயம்: 'கழற்று கேபிள் மின்வழங்கி' என்று எழுதினால் கடைப் பையனுக்கும் புரியும்.