இர்க்கட்சித்தெலி: செங்கொம்புத் திராட்சை

ஜார்ஜியாவின் கிழக்கே, காகெத்தி வட்டாரத்தில் தோன்றிய வெள்ளைத் திராட்சை வகை. அதன் வைனுக்கும் இதே பெயர். மூலத்தில் சொல் 'ர்' என்றே தொடங்குகிறது. தமிழில் ரகரம் மொழிமுதலாகாது என்பதால் முன்னே இகரம்.

ஜார்ஜிய மொழியில் 'ர்க்க' என்றால் விலங்கின் கொம்பு. திராட்சைக் கொடியின் கிளையும் அதுவே. 'ட்சித்தெலி' சிவப்பு. பழம் வெளிர்மஞ்சள்தான், சிவப்பது தண்டு. நம் 'கொம்பு'க்கும் இந்த இரு பொருளும் உண்டு, ஆகவே செங்கொம்பு. 'செங்கொடி' என்றால் கட்சி ஊர்வலம் நினைவுக்கு வந்துவிடும்.

வைனைத் 'திராட்சை ரசம்' என்பது தேவாலய வழக்கு. செய்முறை எழுதும்போது அது குழப்பும்: புளிக்காத சாறா, புளித்ததா? சாறு, தேறல் என்று பிரிப்பதே மேல். தெளிந்த மதுவுக்குச் சங்க காலம் முதல் உள்ள சொல் தேறல்.

காகெத்தி முறையில் பழத்தை மிதித்து, சாற்றோடு தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் க்வெவ்ரியில் இடுவார்கள். கழுத்துவரை மண்ணில் புதைத்த, உட்புறம் தேன்மெழுகு பூசிய சுடுமண் தாழி அது. கொள்ளளவு பெரும்பாலும் 800 முதல் 3,500 லிட்டர். அந்தச் சக்கைக்கு அங்கே 'சாச்சா' என்று பெயர். காம்பு பழுப்பேறி முற்றியிருக்க வேண்டும். பச்சையாகப் போனால் தேறல் கசக்கும்.

நொதிக்கையில் வாயு தள்ளுவதால் தோல் மேலே மிதந்து திரளும். அதை நாளுக்கு மூன்று நான்கு முறை கழியால் அமுக்கிவிட வேண்டும். விட்டால் மேற்பரப்பு காய்ந்து, காற்றுப்பட்டுக் காடியாகும். நொதிப்பு அடங்கியதும் சக்கை தானே அமிழும். பிறகு வாய்வரை நிரப்பி மூட வேண்டும். இடைவெளி விட்டாலும் காடிதான். தாழியின் அடி கூம்பு. விதைகள் அந்த முனையில் ஒடுங்குவதால் அவற்றின் துவர்ப்பு அளவோடு இறங்கும். வசந்தத்தில் திறந்தால் தேநீர் போலத் துவர்க்கும் அம்பர் (பொன்பழுப்பு) நிறத் தேறல். மேற்கே இமெரெத்தியில் சக்கையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் சேர்ப்பார்கள். நிறமும் துவர்ப்பும் குறைவு.

க்வெவ்ரி முறை 2013-இல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இர்க்கட்சித்தெலி எல்லாமே அம்பர் அல்ல. 'திபானி' என்ற புட்டி க்வெவ்ரித் தேறல். 'ட்சினந்தாலி' இதே பழத்தோடு ம்ட்ஸ்வானே வகையைக் கலந்து, தோல் நீக்கிச் செய்யும் வெள்ளைத் தேறல்.