புளோஹோல்: வளிப்புரையா, சுருக்கப்புரையா?

உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி உறையவைத்த வார்ப்பை லேத்தில் ஏற்றி மேல்தோலைச் சீவியதும் உள்ளே ஓட்டை தெரிகிறது. கோவைப் பக்கத்துப் பவுண்டரிகளில் (வார்ப்பாலைகளில்) அது எந்த ஓட்டையானாலும் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: புளோஹோல்.

‘புளோ’ ஆங்கிலத்தில் ஊதுதல், ‘ஹோல்’ துளை. உருகிய உலோகத்துக்குள் வளி ஊதிப் புகுந்து உண்டாக்கிய துளை என்பதே நேர்ப்பொருள். காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, சிக்கலும் அங்கேதான். வளியே காரணமில்லாத குழியையும் இதே பெயரால் அழைத்தால், உறையும் வார்ப்புக்குத் திரவம் ஊட்டும் தேக்கமான ரைசரைப் பார்க்க வேண்டியவர் அச்சு மணலின் ஈரத்தைக் குறைத்துக்கொண்டிருப்பார்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஊதுதுளை’. அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் முன்பே உண்டு: புரை. உள்ளே ஓடும் பொள்ளல் என்பது இதன் ஒரு பொருள். புரையோடிய புண் என்கிறோமே, அதுதான். ‘புரைதீர்ந்த நன்மை’ என்ற குறளில் (292) குற்றம் என்று பொருள். பொள்ளலும் குற்றமும் ஒரே சொல்லில். வார்ப்புக் குறைக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்னொட்டு சேர்த்தால் காரணமும் வந்துவிடும்: வளிப்புரை, சுருக்கப்புரை.

இரண்டையும் பிரிக்க முதலில் குழியின் குறுக்கே அறுத்துச் சுவரைப் பாருங்கள். வளிப்புரையின் சுவர் வழவழப்பானது, வடிவம் உருண்டை அல்லது பேரிக்காய். பெரும்பாலும் அச்சின் மேல்பாதியான மேல்பெட்டிப் பக்கமோ, வார்ப்புக்குள் வெற்றிடம் விட வைக்கும் மணல் உருவான ‘கோர்’ பக்கமோ இருக்கும். பச்சை மணலில் (ஈரமும் களிமண்ணும் சேர்த்த, சுடாத அச்சு மணல்) ஈரம் 3 முதல் 4 சதவீதத்தைத் தாண்டியது, மணலில் வளி வெளியேற வழியில்லாதது, கோர் சரியாக வேகாதது, கோரில் வென்ட் (வளி வெளியேறும் துளை) அடைத்தது, துருவேறிய ‘சில்’ (வேகமாகக் குளிர்விக்க அச்சில் வைக்கும் உலோகத் துண்டு) அல்லது சாப்லெட் (கோரைத் தாங்கும் உலோக முட்டு) ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

சுருக்கப்புரையின் சுவர் சொரசொரப்பானது, கிளைகிளையாகப் படிகம் நீட்டிக்கொண்டிருக்கும். தடித்த பகுதியிலும் இரு சுவர்கள் கூடும் மூலையிலும், கடைசியாக உறையும் இடத்தில் வரும். உறையும்போது எஃகு சுமார் 3 சதவீதமும் அலுமினியம் ஆறரை சதவீதமும் சுருங்கும். அந்தக் குறையை ஊட்ட ரைசரில் திரவம் மிஞ்சியிருக்க வேண்டும். கன அளவைக் குளிரும் பரப்பால் வகுத்தால் வருவது மாடுலஸ். வார்ப்பின் மாடுலஸைப் போல் ரைசருக்கு 1.2 மடங்கு வைப்பது பழைய, நம்பகமான கணக்கு. சாம்பல் வார்ப்பிரும்பில் கிராஃபைட் விரிந்து குறையை ஓரளவு ஈடுகட்டும். மணல் இறுக்கமில்லாத மோல்டில் (அச்சில்) சுவரே விலகிக்கொள்வதால் அந்த விரிவு வீணாகும்.

இன்னொரு துப்பு: ஒவ்வொரு வார்ப்பிலும் அதே இடத்தில் வந்தால் ரைசரையோ கோர் வென்ட்டையோ சந்தேகிக்கலாம். உடல் முழுக்கச் சிதறியிருந்தால் உலோகத்திலேயே வளி கரைந்திருக்கிறது.

வார்ப்பு உறைவதைக் கணினியில் முன்கூட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருள் வாங்குவோர் இந்தப் பிரிவை மனத்தில் வைப்பது நல்லது. எது கடைசியில் உறையும் என்ற வெப்பக் கணக்குதான் அதன் பலம், அதனால் சுருக்கப்புரையை நன்றாகவே முன்கூட்டிக் காட்டும். இன்று காலை மணலில் தண்ணீர் கூடிப்போனது அதற்கு எப்படித் தெரியும்?

அலுமினியத்தில் பரவலாக வரும் ‘பின்ஹோல்’ வளிப்புரையின் குட்டி, ஊசிப்புரை எனலாம். காரணம் ஹைட்ரஜன். 660 டிகிரியில் 100 கிராம் திரவ அலுமினியம் சுமார் 0.7 கன செ.மீ. ஹைட்ரஜனைத் தாங்கும், உறைந்ததும் 0.04தான். மிச்சம் குமிழாக நின்றுவிடும். உலோகத்தைக் கூடுதலாகச் சூடேற்றினால் இன்னும் அதிகம் உறிஞ்சும். சுழல்தண்டு வழியே ஆர்கான் அல்லது நைட்ரஜன் செலுத்தி ஹைட்ரஜனை வெளியேற்றிய பிறகு, ஒரு மாதிரியைச் சாதாரணக் காற்றழுத்தத்திலும் இன்னொன்றை 80 மில்லிபாரிலும் உறையவிட்டு, இரண்டின் அடர்த்தியையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஊற்றாதீர்கள், மறுபடி வளி நீக்குங்கள்.