உப்புக் காற்றுக்கு வாடாத புன்னை

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை கடலோரமாகப் போனால், மாரிக் காலத்தில் ஒன்று கண்ணில் படும். வடகீழ்ப் பருவக்காற்று உப்புத் தூவலை அள்ளி வீச, வீட்டு வேலியில் நிற்கும் பல செடிகளின் இலை நுனி கருகிப்போயிருக்கும். பக்கத்திலேயே நிற்கும் புன்னை கரும்பச்சையாக மினுங்கும். கச்சான் என்னும் வறண்ட தென்மேல் காற்று வீசி மணல் கொதிக்கும் மாதங்களிலும் அது மொட்டையாவதில்லை.

சூட்சுமம் இலையில் இருக்கிறது. தடித்த இலையின் மேலுள்ள மெழுகுப் படலம் உப்பு உள்ளே இறங்குவதையும் ஈரம் வெளியேறுவதையும் ஒருசேர மட்டுப்படுத்துகிறது. ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பின் இருபுறமும் நுண்நரம்புகள் சீப்பின் பற்களாக நெருங்கி, இணையாக விளிம்பு வரை ஓடும். அவற்றுக்கிடையே பால் செல்லும் மெல்லிய குழாய்கள் உண்டு. காம்பை முறித்தால் அந்தப் பால் கசியும். கண்ணில் பட விடக்கூடாது. முதிர்ந்த இலைகள் ஒரே பருவத்தில் கொட்டாமல் சிறுகச் சிறுக உதிர்வதால், நிழல் ஆண்டு முழுவதும் குறையாது.

பூவுக்கு வெள்ளை இதழ்கள், நடுவே கொத்தாக மஞ்சள் மகரந்தக் கேசரங்கள், நல்ல மணம். அழகுக்காக இதை நடுகிறவர்களுக்கு இதுவே போதும். எனக்கென்னவோ காய்தான் பெரிய அதிசயம். உருண்டையான காய்க்குள் கடினமான ஓடு, அதற்குள் தக்கைப் படலம், அதனுள் ஒற்றை விதை. இந்தக் கட்டமைப்பால் காய் கடலில் மிதக்கிறது. கிழக்கு ஆபிரிக்கக் கரை முதல் பசிபிக் தீவுகள் வரை புன்னை பரந்திருப்பதில் நீரோட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. உள்ளூரில் அந்த வேலையை வௌவால்கள் பார்க்கின்றன.

புதிய பருப்பை நசுக்கினால் எண்ணெய் அவ்வளவாக வராது. வாரக்கணக்கில் உலர்த்த, பருப்பு செம்பழுப்பாகிப் பிசுபிசுக்கும். எடையில் பாதிக்கும் மேல் எண்ணெயாக இருக்கும். பச்சை நிறமான அந்தக் கெட்டி எண்ணெய் விளக்குக்கும் மூட்டுவலிக்குப் பூசவும் பயன்பட்டது. சமையலுக்கு ஆகாது. மரம் உறுதியானது, படகு கட்ட உதவும்.

கடலோரக் காப்புக்கு நாம் சவுக்கையே தேடி நடுகிறோம், அது விரைந்து வளர்கிறது என்பதற்காக. புன்னை மெதுவாகத்தான் வளரும். ஆனாலும் இந்த மண்ணின் மரத்துக்கு வரிசையில் ஓர் இடமாவது கொடுக்கலாம். நடுகிறவர்கள் ஓட்டை மெல்ல உடைத்து, பருப்பு நசுங்காமல் விதைக்க வேண்டும். ஓட்டோடு புதைத்தால் முளை வரப் பல வாரம் பிடிக்கும்.