மெடல் வீட்டில் இருக்கிறது, சைட்டேஷன் எங்கே?

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை இந்தப் பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். குடியாத்தம், அணைக்கட்டு, போளூர், ஆரணி என்று பழைய வட ஆற்காட்டில் எங்கே போனாலும் மிலிட்டரிக்காரர் வீடுகள் உண்டு. கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐந்தாறு மெடல் தொங்கும். எது எதற்குக் கிடைத்தது என்று பெரியவர் இருக்கிறவரை அவரே சொல்வார். அவர் போன பிறகு எல்லாமே "தாத்தா சண்டையில வாங்கின வீரப்பதக்கம்" ஆகிவிடுகிறது. ஓய்வூதியக் காகிதங்களோடு வரும் குடும்பங்களிடம் நாங்கள் முதலில் கேட்பது மெடலோடு வந்த சைட்டேஷனையும் (விருது எந்தச் செயலுக்காக என்று சொல்லும் சான்றுரை) அரசிதழ் அறிவிப்பின் நகலையும்தான். அவை இல்லாமல் எந்த அலுவலகத்திலும் எந்த உரிமையும் நகராது. அந்த மனிதர் செய்தது என்ன என்பதும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கான விருதுகள் மூன்று: பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டாலும் 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லுபடி ஆகும்படி முன்தேதியிடப்பட்டவை. பரம் வீர் சக்ரா வட்டமான வெண்கலப் பதக்கம். நடுவில் அரசுச் சின்னம், அதைச் சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு, ரிப்பன் முழுக்க ஊதா. மகா வீர் சக்ரா வெள்ளி. ஐந்துமுனை நட்சத்திரம் பொறித்தது, ரிப்பன் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ராவும் வெள்ளிதான். நட்சத்திரத்தின் நடுவில் சக்கரம் இருக்கும், ரிப்பன் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. ரிப்பன் பச்சையாக இருந்து ஆரஞ்சுக் கோடு ஓடினால் அது அசோக சக்ரா வரிசை. ஒரு கோடு அசோக சக்ரா, இரண்டு கோடு கீர்த்தி சக்ரா, மூன்று கோடு சௌர்ய சக்ரா. இந்த வரிசை 1952இல் அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பெயர்களில்தான் தொடங்கியது. இன்றைய பெயர்கள் 1967இல் வந்தன. பழைய காகிதத்தில் "அசோக சக்ரா மூன்றாம் வகுப்பு" என்று இருந்தால் இன்றைய கணக்கில் அது சௌர்ய சக்ரா. இது தெரியாமல் அசோக சக்ராவுக்குரிய தொகையைக் கேட்டு மனுப் போட்டால் அது திரும்பித்தான் வரும்.

கண்ணாடிச் சட்டங்களில் பெரும்பாலும் இருப்பவை இவை எதுவும் அல்ல. 1965 போருக்குச் சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் வந்தன. 1971க்குக் கிழக்கு முனையில் நின்றவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் நின்றவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், இவற்றோடு சங்கராம் மெடல். 9 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு நீண்ட பணிக்கான மெடல்கள் தனி. இவை போரில் பங்கெடுத்ததற்கும் உழைத்ததற்கும் சான்று. மதிப்பு குறைந்தவை அல்ல. ஆனால் பூர்வி ஸ்டாரைக் காட்டி வீர விருதுக்கான மாதப் படி கேட்க முடியாது. சர்வீஸ் மெடல் ரிப்பனின் மேல் சின்னதாக ஒரு தாமரை இலை குத்தியிருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். அது மென்ஷன்ட் இன் டெஸ்பாட்சஸ்; களச் செயலுக்காக அவர் பெயர் தனியே குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பொருள். பல வீடுகளில் இதை அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள்.

"சண்டையில்தானே செத்தார், ஏன் விருது இல்லை?" என்ற வலியான கேள்வி அடிக்கடி வருகிறது. வீர விருதுக்குக் குடும்பம் விண்ணப்பிக்கும் வழி கிடையாது. படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் பரிந்துரை எழுத வேண்டும். அதில் இடம், நேரம், எதிரியின் பலம், அந்த வீரர் செய்த செயல், அதன் விளைவு, நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் இருக்க வேண்டும். அது பிரிகேட், டிவிஷன் என்று படிப்படியாக மேலே போய், பாதுகாப்பு அமைச்சகத்தின் குழுவைக் கடந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறுகிறது. பெரும்பாலும் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நாட்களை ஒட்டி அறிவிப்பு வரும். பார்த்தவர்கள் எல்லோருமே இறந்துவிட்ட சண்டைகளில் பெரிய செயல்கள் பதிவாகாமலே போனதுண்டு. இந்த வேலையின் ஆறாத துயரம் அது.

நல்ல சைட்டேஷன் எப்படி இருக்கும் என்பதற்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுடையதைப் படியுங்கள். மகார் ரெஜிமெண்ட் 8ஆவது பட்டாலியன். 1987 நவம்பர் 25 இரவு, இலங்கையில் தேடுதல் முடிந்து திரும்பும் வழியில் அவருடைய அணி பதுங்கித் தாக்கப்பட்டது. அவர் பின்பக்கமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுட்டார். உயிர் பிரியும்வரை கட்டளை கொடுத்தார். ஐந்து பேர் கொல்லப்பட்டதும், மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டதும் எண்ணிக்கையோடு அதில் இருக்கின்றன. இறந்த பின் அவருக்கு வழங்கப்பட்டது பரம் வீர் சக்ரா. 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா. இரண்டு வரிசைகளிலும் அததுவே உச்ச விருது. எதிரிப் படைக்கு முன்பா, அல்லாத சூழலிலா என்பதுதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. வீரத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை.

விருது இல்லாவிட்டாலும், போர் நடவடிக்கையில் இறந்தவரை ராணுவம் பேட்டில் கேஷுவல்டி என்று பதிவு செய்திருந்தால் குடும்பத்துக்குத் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம் (சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்தைவிடக் கூடுதலானது) உண்டு. அது வீர விருதோடு ஒட்டியதல்ல. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால் மனு எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாமல் மேஜை மேஜையாகச் சுற்றும்.

இனிப் பெயர் விஷயம். இந்த வட்டாரத்தில் காரியங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆள் சேர்ந்தபோது எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்று. ஆதாரில் இன்னொன்று. வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால், ராணுவப் பதிவில் பின்னால், அல்லது இல்லவே இல்லை. ஆறுமுகம், சண்முகம் என்ற பெயர்களுக்கே ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துக்கூட்டல் வந்துவிடும். மனைவியின் பெயர் இன்னும் சிக்கல்: கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர், ரேஷன் கார்டில் மூன்றாவது. திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டரில், அதாவது வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ ஆணையில், ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் விட்டால் கணவர் காலமான பிறகு மனைவி தன்னை மனைவி என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். அவர் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையை எடுத்து, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். இல்லையென்றால், சரியான பதிவு எது என்று முதலில் முடிவு செய்து அதற்கேற்ப மற்றதைத் திருத்துங்கள். எங்கள் அனுபவத்தில் ராணுவப் பதிவு சரியாக இருக்கும்போது ஆதாரைத் திருத்துவதே சுலபம். இரண்டு பெயரும் ஒருவரே என்று வட்டாட்சியர் சான்று வாங்கி வைப்பதும் உதவும்.

அடுத்தது மாவட்டம். பழைய டிஸ்சார்ஜ் புக்கில் (படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த புத்தகம்) "வட ஆற்காடு மாவட்டம்" என்றுதான் இருக்கும். அந்த மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வாலாஜா, அரக்கோணம் இன்று ராணிப்பேட்டையில். வாணியம்பாடி, ஆம்பூர் திருப்பத்தூரில். ஆரணி, செய்யாறு, போளூர், வந்தவாசி திருவண்ணாமலையில். வடநாட்டில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் எழுத்தருக்கு இது தெரிய வழியில்லை. அதனால் எந்த மனுவிலும் முகவரியை எழுதும்போது ஊர், அஞ்சல், வட்டம், இன்றைய மாவட்டம், "முன்பு வட ஆற்காடு" என்ற ஐந்தையும் எழுதுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2017 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு உத்தரவுப்படி மாதப் படி: பரம் வீர் சக்ரா ரூ.20,000, அசோக சக்ரா ரூ.12,000, மகா வீர் சக்ரா ரூ.10,000, கீர்த்தி சக்ரா ரூ.9,000, வீர் சக்ரா ரூ.7,000, சௌர்ய சக்ரா ரூ.6,000, வீரத்துக்கான சேனா மெடல் ரூ.2,000. விருது பெற்றவருக்குப் பின் இது மனைவிக்குப் போகும். மணமாகாதவருக்கு இறந்த பின் விருது என்றால் பெற்றோருக்கு. மாநில அரசின் தொகை இதற்கு மேல் தனியானது. அதை மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் கேளுங்கள். கணவர் மறைந்து குடும்ப ஓய்வூதியம் தொடங்கியதும், ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளக் கணக்கில் ஓய்வூதியமும் பதக்கப் படியும் தனித்தனி வரிகளாக வருகின்றனவா என்று முதல் மாதமே சரிபாருங்கள். ஓய்வூதியம் வந்துவிட்டதே என்று இருந்துவிட்டால், படி நின்றுபோனது வருடக்கணக்கில் கண்ணில் படாது. சக்ரா விருது பெற்றவரின் ஓய்வூதியத்துக்கும், அவர் குடும்பத்தின் ஓய்வூதியத்துக்கும் வருமான வரி கிடையாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது பிரிவு 10(18). ரயிலில் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்க விலக்கும் உண்டு. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வாக்குவாதம் செய்வதற்குப் பதில், உரிய அடையாள அட்டையைக் காட்டி விலக்கு பெற்ற பாஸ்டேக்கை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

மெடலைப் பாதுகாப்பதில் நல்லெண்ணத்தாலேயே கேடு வருகிறது. ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்ப்பது, சாம்பலால் துலக்குவது, பித்தளை பாலிஷ் போடுவது எல்லாம் விளிம்பில் பொறித்த எண்ணையும் பெயரையும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும். அந்த எழுத்து போனால் அது யாருடைய மெடல் என்பதற்குச் சாட்சியே போய்விட்டது. வெள்ளி கறுத்தால் கறுத்தபடியே இருக்கட்டும். சந்தனம், குங்குமம் வைக்க ஆசைப்பட்டால் சட்டத்தின் கண்ணாடி மேல் வையுங்கள், உலோகத்தில் வேண்டாம். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். மெல்லிய பிளாஸ்டிக் உறையும் செய்தித்தாளும் கூடாது. சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள பெட்டியில் வைத்தால் போதும். நகைக்கடையில் கொடுத்துத் தங்கமுலாம் பூசுவது, டாலராக மாற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுத்து வையுங்கள். தொலைந்தால் காவல் நிலையப் புகார் ரசீதும் உறுதிமொழிப் பத்திரமும் இந்தப் படமும்தான் கைகொடுக்கும். இன்னொன்று: இடது மார்பு மெடல் வாங்கியவருக்கே உரியது. அஞ்சலி நிகழ்ச்சிகளில் மனைவியோ பிள்ளையோ அணிவதானால் வலது மார்பில் அணிய வேண்டும்.

உலகப் போர் மெடல்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தியச் சிப்பாய்களுக்கு வந்த மெடல்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். முதல் போரின் வட்ட மெடல்களில் விளிம்பையும், 1914-15 நட்சத்திரத்தில் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இணையத்திலேயே தேடலாம். தகப்பன் பெயரும் ஊரும் வட்டமும் பல பதிவுகளில் உண்டு. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், தோழர்களைக் காக்கக் கண்ணிவெடி மேல் தானே விழுந்து இறந்து ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியனும் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைதான்.

ஊரில் நினைவுக் கல் அல்லது பெயர்ப்பலகை வைப்பவர்களுக்கு: "மாவீரர்" என்று பெரிதாக எழுதிவிட்டுச் செயலை விட்டுவிடாதீர்கள். ஆம்பூரில் கிடைத்த பல்லவர் கால நடுகல், நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டு, நுளம்பன் படை ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) கொள்ள வந்தது, அதில் விழுந்தவன் பெயர் என்று எல்லாவற்றையும் சொல்கிறது. செங்கம் பக்கத்து நடுகற்களும் இப்படித்தான். ஆண்டு, இடம், எதிரி, செயல், பெயர் இருந்ததால்தான் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அவனை நமக்குத் தெரிகிறது. உங்கள் கல்லில் ராணுவ எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட், போர் அல்லது நடவடிக்கையின் பெயர், இடம், தேதி, விருது இவ்வளவும் இருக்கட்டும். விருதின் பெயரைப் பொறிக்கும் முன் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்தில் சரிபாருங்கள். பரம் வீர் சக்ரா பெற்றவர்கள் இதுவரை 21 பேர்தான். தவறான விருதைப் போட்ட பலகை, உண்மையாக உழைத்த மனிதரின் பெயருக்கே சந்தேகம் கொண்டுவந்துவிடும்.

சைட்டேஷன் தொலைந்துவிட்டால் அவருடைய ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஈ.எம்.ஈ. (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத், மருத்துவப் படை லக்னோ. சிப்பாயாகச் சேர்ந்து நாயப் சுபேதார் ஆனவருக்கு எண் மாறி ஜே.சி. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) எண் வந்திருக்கும், பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கம், ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று, உறவைக் காட்டும் ஆவணம், உங்கள் ஆதார் ஆகியவற்றின் நகல்களை வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒரு பிரதியை மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். இதற்கு யாருக்கும் கமிஷன் கொடுக்கத் தேவையில்லை. "பதக்க அரியர் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்று போனில் யார் கேட்டாலும், இந்தியில் அதிகாரமாகப் பேசினாலும், பதில் சொல்லாமல் வைத்துவிட்டு அந்த எண்ணோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.